ஜிம்முக்குக் கிடைத்த வேலை

ஜோசஃப் கான்ராடின் 'லார்ட் ஜிம்' நாவலோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. நாவல் முழுவதோடும் இல்லை. முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வருகிற இரண்டு பக்கங்களோடுதான். இந்தக் குறிப்பை இதற்குமுன் இரண்டு தடவை எழுதி அழித்திருக்கிறேன். ஒரு தடவை கோபம் அதிகமாகிவிட்டது, இன்னொரு தடவை பக்தி.

நாவல் 1899 அக்டோபரிலிருந்து 1900 நவம்பர் வரை பிளாக்வுட்ஸ் பத்திரிகையில் தொடராக வந்தது. கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஜிம் என்ற இளைஞன் 'பாட்னா' என்ற ஓட்டைக் கப்பலில் சீஃப் மேட். கப்பலில் மெக்காவுக்குப் போகிற 800 யாத்ரீகர்கள். நடுக்கடலில் கப்பல் எதன்மீதோ மோதுகிறது. மூழ்கப் போகிறது என்று நினைத்து கேப்டனும் இன்ஜினியர்களும் படகில் இறங்கித் தப்பிக்கிறார்கள், கடைசி நொடியில் ஜிம்மும் குதித்துவிடுகிறான். கப்பல் மூழ்கவில்லை. யாத்ரீகர்களோடு பத்திரமாகக் கரை சேர்கிறது. விசாரணை நடக்கிறது, ஜிம்மின் சான்றிதழ் பறிபோகிறது. அதற்கப்புறம் அவன் பிழைப்பது கீழைக் கடல் துறைமுகங்களில் 'வாட்டர் கிளார்க்' வேலை பார்த்து. என் வழக்கு இந்த வேலையைப் பற்றித்தான்.

வாட்டர் கிளார்க் என்றால் என்ன? கப்பலுக்கு அரிசி, கறி, காய்கறி, கயிறு, பெயின்ட் எல்லாம் விற்கிற வியாபாரியை ஷிப் சாண்ட்லர் என்று துறைமுகத்தில் சொல்வோம். அவருடைய ஆள்தான் வாட்டர் கிளார்க். நங்கூரம் போட வருகிற கப்பலை நோக்கி மற்ற கடை ஆட்களோடு போட்டி போட்டுப் படகில் விரைய வேண்டும். முதலில் ஏறி, சிரித்த முகமாக கேப்டன் கையில் கடையின் கார்டைத் திணிக்க வேண்டும். அவர் கரைக்கு வந்தால் பிடித்த பிடி விடாமல் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கே குளிர்ந்த அறை, சுருட்டு, குடிக்க ஏதாவது, முன்பின் பார்த்திராத முதலாளியின் அண்ணன்தம்பி வரவேற்பு. கப்பல் கிளம்பும்வரை தினமும் போய்ப் பார்க்க வேண்டும். கடைசியில் பில் வரும். கான்ராட் இதையெல்லாம் நையாண்டியோடு எழுதுகிறார். இந்த வேலைக்கு எந்தப் பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டாம், பொதுவாகத் 'திறமை' இருந்தால் போதும் என்கிறார்.

நான் இருபத்து மூன்று வயதில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் போர்டிங் கிளார்க்காகச் சேர்ந்தேன். பதினொரு வருஷம் இருந்தேன். சேர்ந்த மூன்றாவது மாதம் இந்தப் பக்கங்களை வாசித்தபோது சிரிப்பு வந்தது, அப்படியே நம்ம ஆளுங்கதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடுப்பு வந்தது.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். சாண்ட்லரின் ஆள் வேறு, ஏஜென்ட்டின் ஆள் வேறு. சாண்ட்லர் கப்பலுக்கு விற்கிறவர். ஏஜென்ட் கப்பல் முதலாளிக்கோ, கப்பலை வாடகைக்கு எடுத்த சார்ட்டரருக்கோ துறைமுகத்தில் பிரதிநிதி. கப்பல் வருவதற்கு முன்பே கஸ்டம்ஸில் சரக்குப் பட்டியல் தாக்கல் செய்வது, துறைமுகச் செலவுக்கு எஸ்டிமேட் போட்டு முன்பணம் வரவழைப்பது, பைலட், டக், பெர்த் ஏற்பாடு, சுகாதார அதிகாரியின் அனுமதி, இமிக்ரேஷன், ஊருக்குப் போகிற மாலுமியைப் பஸ் ஏற்றுவது, பல்வலிக்காரனை டாக்டரிடம் காட்டுவது, கேப்டனுக்கு ரொக்கம் கொண்டு போய்க் கொடுப்பது, எல்லாம் ஏஜென்ட் தலையில். ஆனால் கேங்வேயில் ஏறும்போது இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவோம். கையில் ஃபைல், நெற்றியில் வியர்வை, முகத்தில் சிரிப்பு. எனவே ஜிம்மின் வேலையைப் பற்றிப் பேசும்போது என் வேலையையும் சேர்த்துப் பேச எனக்கு உரிமை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

படகுப் போட்டி ஒன்றும் கற்பனை இல்லை. தூத்துக்குடியில் இப்போதிருக்கிற ஆழமான துறைமுகம் 1974-இல்தான் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிடும், சரக்கும் ஆளும் தோணியில் வந்து போகும். எங்கள் ஆபீஸில் பெரியவர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் அந்தக் காலத்தில் படகில் போய் ஏறியவர். "பைலட் லேடரு ஆடும் தம்பி. அலை மேல வரும்போது காலை வைக்கணும், இறங்கும்போது வச்சா காலு இருக்காது. அதுக்கு எந்தப் பரீட்சையும் கிடையாது, அது வாஸ்தவந்தான்" என்பார். அவர் கான்ராடை வாசித்தவர் இல்லை. நான் சொன்ன கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னது.

கான்ராடுக்கு இந்த உலகம் நன்றாகத் தெரியும். 1887-88-இல் சிங்கப்பூரிலிருந்து போர்னியோ பக்கம் போய்வந்த 'விதார்' என்ற நீராவிக் கப்பலில் மேட்டாக வேலை பார்த்திருக்கிறார். ஆனால் கரை ஆபீஸை அவர் எந்த இடத்திலிருந்து பார்த்தார் என்பது முக்கியம். 1906-இல் வந்த 'தி மிரர் ஆஃப் த சீ' நூலில் ஆம்ஸ்டர்டாம் பற்றிய ஒரு பகுதி உண்டு. 1887 குளிர்காலம். சரக்கு ஏற்றி வர வேண்டிய படகுகள் பனியில் உறைந்து கிடக்கின்றன. இளம் சீஃப் மேட்டான கான்ராட், முதலாளியின் கடிதம் வந்ததும் சார்ட்டரர் ஹூடிக்கின் ஆபீஸுக்குச் சண்டை போடப் போகிறார். அங்கே கதகதப்பான அறை, நல்ல சுருட்டு, கனிவான பேச்சு. கோபமெல்லாம் கரைந்துவிடுகிறது. ரொம்ப அழகான பகுதி. ஆனால் கவனியுங்கள், அவர் உட்கார்ந்திருப்பது விருந்தாளி நாற்காலி. 'லார்ட் ஜிம்'மின் முதல் அத்தியாயமும் அதே நாற்காலியிலிருந்து எழுதப்பட்டதுதான். எதிரே சிரித்துக்கொண்டிருக்கிறவன் அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகிறது என்று அந்த நாற்காலியிலிருந்து தெரியாது.

அதனால்தான் நாவலில் இந்த வேலை ஒரு தண்டனையாக வருகிறது. கப்பலுக்குரியவன் கரையில் விழுந்து கிடக்கிறான், அவ்வளவுதான். ஒவ்வொரு துறைமுகத்திலும் 'பாட்னா' கதை எட்டிப் பார்த்ததும் ஜிம் அடுத்த துறைமுகத்துக்கு ஓடுகிறான். பம்பாய், கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, பட்டாவியா என்று நீள்கிறது ஓட்டம்.

இங்கேதான் என் வழக்கின் முதல் ஆவணம். 'பாட்னா'வுக்கு மூலம் 'ஜெட்டா' என்ற கப்பல். 1880 ஆகஸ்டில், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட யாத்ரீகர்களோடு அதை அதிகாரிகள் கைவிட்டார்கள். அவர்களை ஏற்றிக்கொண்ட கப்பல் ஏடன் வந்து சேர, 'ஜெட்டா' மூழ்கிவிட்டது என்று சொன்னார்கள். பின்னாலேயே இன்னொரு கப்பல் 'ஜெட்டா'வை இழுத்துக்கொண்டு ஏடனுக்கே வந்துவிட்டது. கேப்டனின் சான்றிதழ் மூன்று வருஷத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. சீஃப் மேட்டின் பெயர் அகஸ்டின் பாட்மோர் வில்லியம்ஸ். அவரைத் தேடிப் பிடித்து எழுதியவர் நார்மன் ஷெரி, 1966-இல் வந்த 'கான்ராட்ஸ் ஈஸ்டர்ன் வேர்ல்ட்' நூலில்.

இந்த வில்லியம்ஸ் ஓடவில்லை. சிங்கப்பூருக்கே திரும்பி வந்தார். 'ஜெட்டா' கிளம்பிய ஊர், கப்பல் முதலாளியின் ஊர், கதை ஒவ்வொரு டீக்கடை மேசைக்கும் தெரிந்த ஊர். அங்கேயே ஷிப் சாண்ட்லரின் வாட்டர் கிளார்க் ஆனார். கல்யாணம் செய்தார், பெரிய குடும்பம் வந்தது, 1916-இல் அங்கேயே இறந்தார். அதாவது அவருடைய வேலையே, தன் கதை தெரிந்த கேப்டன்களைத் தினமும் போய்ப் பார்த்து, சிரித்து, கார்டு கொடுப்பது. கான்ராட் அவரிடமிருந்து குதித்த அந்த ஒரு நொடியை எடுத்துக்கொண்டார், அதற்குப் பிறகான வருஷங்களை விட்டுவிட்டார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கேங்வேயிலும் ஏறும் முன்பு அந்த மனுஷன் என்ன நினைத்திருப்பார் என்பது, பட்டுசானில் ஜிம் ராஜா மாதிரி வாழ்கிற இரண்டாம் பாதியைவிட எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. (இரண்டாம் பாதி எனக்குப் பிடிக்காது. இதை ஒளிக்க வேண்டியதில்லை.)

இரண்டாவது ஆவணம் விசாரணைக் காட்சி. நீதிமன்றம் ஜிம்மிடம் விவரங்களைக் கேட்கிறது. எத்தனை மணி, எந்தத் திசை, எவ்வளவு தண்ணீர். வெறும் தகவல் எதையும் விளக்காது என்று ஜிம்முக்கு எரிச்சல். கான்ராடும் அவன் பக்கம்தான். வாசகர்களும் பொதுவாக அவன் பக்கமே சாய்கிறார்கள். நான் சாயவில்லை, அதற்கு என் தொழில்தான் காரணம்.

ஏஜென்ட் எழுதுகிற காகிதங்களிலேயே முக்கியமானது 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ்'. கப்பல் எப்போது வந்தது, சரக்கு வேலைக்குத் தயார் என்று கேப்டன் எப்போது நோட்டீஸ் கொடுத்தார், பைலட் எப்போது ஏறினார், வேலை எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, ஏன் நின்றது. எல்லாம் மணி நிமிஷத்தோடு. ஒரு பெயரடை இருக்காது. இதை வைத்துத்தான் சரக்கு இறக்க அனுமதித்த நேரம் தாண்டியதா என்று கணக்குப் போடுவார்கள். தாண்டினால் சார்ட்டரர் முதலாளிக்கு டெமரேஜ் கட்ட வேண்டும். நாளுக்கு 12,000 டாலர் என்று ஒப்பந்தம் இருந்தால் ஒரு மணி நேரம் 500 டாலர்.

ஐப்பசி மழையில் உரக் கப்பல் ஒன்று. மழை வந்தால் ஹேட்ச்சை மூடியாக வேண்டும், பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த நேரம் கணக்கில் சேராது. எனவே சார்ட்டருக்கு மழை நிறைய பெய்திருக்க வேண்டும், முதலாளிக்குக் குறைவாகப் பெய்திருக்க வேண்டும். மழை பெய்தது 14.20 முதல் 15.05 வரை. கேப்டன் 14.50-க்கே விட்டுவிட்டது என்கிறார். இறக்குமதிக்காரரின் ஆள் நாலு மணிவரை தூறியது என்கிறார். நான் ஹேட்ச் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றவன். இதில் வேடிக்கை என்னவென்றால், என் கம்பெனியை நியமித்தது சார்ட்டரர், எனக்குக் கூலி கொடுப்பது முதலாளியின் கணக்கு. இரண்டு பேருக்கும் நான் அவங்க ஆள். 15.05 என்று எழுதினேன். கேப்டன் 'ஆட்சேபத்துடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இறக்குமதிக்காரர் எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டார். அன்றிரவு எனக்கு நல்ல டோஸ்.

விவரங்கள் எதையும் விளக்காது என்று சொல்வது சுலபம். ஆனால் சரியான விவரத்தை எழுதுவதற்கே ஒருவன் ஒரு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, அந்த இடத்தில் நிற்பதற்கு விலை இருக்கிறது. 'பாட்னா'வின் கதையிலேயே கப்பல் மூழ்கிவிட்டது என்ற பொய்யை உடைத்தது எந்த ஆத்ம விசாரமும் இல்லை, கப்பல் மிதக்கிறது என்கிற சாதாரண விவரம்தான்.

நாவலிலேயே இந்த உலகத்தை நேர்மையாகப் பார்க்கிற ஒரு இடம் உண்டு. பதினெட்டாம் அத்தியாயம். எக்ஸ்ட்ரோம் அண்டு பிளேக் என்ற சாண்ட்லர் கடை. ஜிம் அங்கே வேலை பார்க்கிறான், புயல் என்றாலும் படகெடுக்கிற கில்லாடி. கேப்டன்கள் கடையில் சாப்பிட்டுக்கொண்டே பேசும்போது 'பாட்னா' பேச்சு வருகிறது. ஒரு கிழ கேப்டன் அந்த அதிகாரிகளைக் கேவலமாகத் திட்டுகிறார். ஜிம் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைக்கிறான், பக்கத்தில் அவனுக்கு ஊற்றிய பியர் தொடாமல் நிறைந்திருக்கிறது. போகிறேன் என்கிறான். எக்ஸ்ட்ரோமுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் கதைசொல்லி மார்லோ வந்து காரணத்தைச் சொன்னதும், யாருக்கய்யா அந்தக் கவலை என்கிற மாதிரி கேட்கிறார். இப்படியே ஓடினால் அவனுக்கு இந்தப் பூமியே பத்தாது என்று அவனிடமே சொல்லியிருக்கிறார்.

விமர்சகர்கள் பலர் எக்ஸ்ட்ரோமைத் தடித்த தோல்காரர், வியாபாரி என்று தாண்டிப் போகிறார்கள். எனக்கென்னவோ நாவலில் ஜிம்முக்குக் கிடைத்த நிஜமான மன்னிப்பு அது ஒன்றுதான். மார்லோவின் பரிவில் எப்போதும் 'நம்மில் ஒருவன்' என்கிற ஒரு வட்டம் இருக்கிறது. எக்ஸ்ட்ரோமிடம் வட்டம் கிடையாது. நீ படகை நன்றாக ஓட்டுகிறாய், நாளைக்கும் வா. அவ்வளவுதான். அதை வாங்கிக்கொள்ள ஜிம்மின் கௌரவம் விடவில்லை.

மூன்றாவது ஆவணம் எனக்கு எதிரானது.

'பாட்னா'வின் முதலாளி யார்? ஒரு சீனர் என்று போகிற போக்கில் சொல்லப்படுகிறது, வாடகைக்கு எடுத்தவர் ஒரு அரபு. அத்துடன் சரி. துருப்பிடித்த கப்பலில் 800 பேரை ஏற்ற அனுமதித்தவரை விசாரணை கூப்பிடுவதில்லை, நாவலும் கூப்பிடுவதில்லை. குதித்தவர்கள் மட்டும் கூண்டில். இன்றைய துறைமுகத்தில் அடிக்கடி குதிப்பது முதலாளி. ஒரு நாள் மெயிலுக்குப் பதில் நின்றுபோகும். கப்பல் நங்கூரத்தில் கிடக்கும், மாலுமிகளுக்குச் சம்பளம் இருக்காது. கடல் தொழிலாளர் உடன்படிக்கையில் 2017 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தப்படி, இரண்டு மாதச் சம்பளம் கொடுக்கப்படவில்லை என்றாலே அது கைவிடல்தான். நாலு மாதம்வரை பாக்கிச் சம்பளத்துக்கு இன்ஷூரன்ஸ் மாதிரி ஒரு பொருளாதார உத்தரவாதம் இருக்க வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. அந்தக் காகிதமே இல்லாத கப்பல்கள்தான் கைவிடப்படுகின்றன என்பதுதான் சிக்கல்.

எகிப்தில் 'அமான்' என்ற கப்பல். 2017 ஜூலையில் அடாபியா துறைமுகத்தில் பிடித்து வைக்கப்பட்டது. சீஃப் மேட் முகமது ஆயிஷாவை அந்தக் கப்பலுக்குச் சட்டப்படியான காப்பாளர் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவர் மட்டும் இறங்க முடியாமல், கடைசியில் கப்பலில் தனி ஆளாக, 2021 ஏப்ரல் வரை கிடந்தார். போன் சார்ஜ் பண்ணவும் சாப்பாடு வாங்கவும் கரைக்கு நீந்தி வந்து போனார். ஜிம்மும் சீஃப் மேட், இவரும் சீஃப் மேட். இன்றைக்கு யாராவது 'லார்ட் ஜிம்' எழுதினால் குதிக்க அனுமதி இல்லாத சீஃப் மேட்டைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும்.

எங்கள் துறைமுகத்துக்கும் அப்படி ஒன்று வந்தது. மரத்தடி இறக்கிய பழைய கப்பல், பதினாலு பேர். முதலாளி துறைமுக பாக்கியைக் கட்டாமல் மறைந்துவிட்டார். ஏஜென்ட் சுலபமாகக் கழன்றுகொள்ளவும் முடியாது, கஸ்டம்ஸ் சட்டம் 148-ஆம் பிரிவின்படி கப்பலுக்காக நிற்கிற ஏஜென்ட்டும் பொறுப்பாளிதான். ஆனாலும் எங்கள் கம்பெனி, இனி நாங்கள் ஏஜென்ட் இல்லை என்று எல்லா இடத்துக்கும் கடிதம் போட்டது. அதுவரை ஐந்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீரும் காய்கறியும் படகில் அனுப்பிக்கொண்டிருந்தேன். மேனேஜர் கூப்பிட்டார். "லெட்டர் போட்டாச்சுல்லா? இனி அந்தக் கப்பலுக்கும் நமக்கும் சம்பந்தம் கிடையாது. நீ போனைக் கூட எடுக்காத. எடுத்தா நாமதான் இன்னும் ஏஜென்ட்டுன்னு ஆயிரும்." சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னதில் விஷயம் இருந்தது.

கேப்டன் அன்று மாலை கூப்பிட்டார். மறுநாள் காலை நாலு தடவை. நான் எடுக்கவில்லை. மேசையில் போன் அதிர்ந்து நகர்ந்து ஃபைல்மேல் முட்டி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. எதிர் மேசையில் அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மதியம் கிளம்பிப் போய், தனக்குத் தெரிந்த ஒரு படகுக்காரரிடம் சொல்லி, சொந்தக் காசில் நாலு கேன் தண்ணீரும் ஒரு மூட்டை அரிசியும் ஏற்றிவிட்டார். அது எனக்கு ஒரு வாரம் கழித்துப் படகுக்காரர் சொல்லித்தான் தெரியும். அப்புறம் மாலுமிகளுக்கு உதவுகிற ஒரு பாதிரியார் பொறுப்பெடுத்தார், ஏழு மாதம் கழித்து நீதிமன்றம் கப்பலை ஏலம் விட்டது, பதினாலு பேரும் ஊர் போனார்கள். அவர்களை அனுப்பிவைக்க நான் போகவில்லை.

இந்த நாவல்மீது எனக்கு வழக்கு உண்டு என்றேனே, அதற்குப் பிறகு முதல் அத்தியாயத்தை வாசித்தபோது அது கொஞ்சம் ஆட்டம் கண்டது. கடைசிவரை நண்பன் மாதிரி, மகன் மாதிரி தினமும் வந்து பார்ப்பான், அப்புறம் பில் வரும் என்று கான்ராட் கிண்டல் செய்தது என்னைத்தான். பில் கட்ட ஆள் இல்லை என்று தெரிந்ததும் நான் வராமல் போனேன். விருந்தாளி நாற்காலியிலிருந்தும் சில விஷயம் சரியாகத் தெரிகிறது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாற்காலியிலிருந்து அண்ணாச்சி தெரிய மாட்டார். அவரும் அதே சிரிப்பு, அதே கார்டு, அதே பரீட்சை இல்லாத வேலை. அவர் நாவலுக்குள் எங்கே என்று தேடினால், படகுத் துடுப்பருகே பெயரில்லாமல் இருக்கலாம், இல்லை எக்ஸ்ட்ரோமின் கடையில் கல்லாவுக்குப் பின்னால்.

நாவலை இதுவரை தொடாதவர்கள் முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தையும் பதினெட்டாம் அத்தியாயத்தையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். இரண்டையும் எழுதியது ஒரே கைதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. தூத்துக்குடியைப் பற்றிய ஜோ டி குரூஸின் 'கொற்கை'யை இதே கண்ணோடு வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன், அதைத் தனியாக எழுத வேண்டும். அண்ணாச்சி போன வருஷம் ரிட்டயர் ஆனார்.